மைனஸ் 22-இல் ஒரு கடைத்தெரு

ஜனவரியில் யாராவது அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போவார்களா என்று கேட்காதீர்கள். தம்பிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது ஜனவரியில். நான் என்ன செய்ய? பிரசவ லேகியமும் கருப்பட்டியும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய் இறங்கினேன்.

மூன்றாவது வாரம் முழங்கால் பிடித்துக்கொண்டது. வாசலில் கால் வைத்தால் மூக்குக்குள் இருக்கும் ஈரமே உறைகிற குளிர். இதில் எங்கே நடக்க? "அக்கா, காலையில மாலுக்குப் போயிடலாம். இங்க வயசானவங்க எல்லாம் அங்கதான் வாக்கிங் போறாங்க" என்றான் தம்பி. மால் ஆஃப் அமெரிக்காவா என்று ஆசையாகக் கேட்டேன். "அதுக்கு சனிக்கிழமை போலாம். இது சவுத்டேல்னு பக்கத்துல ஒரு பழைய மால்."

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டான். அன்று இரவு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போனில் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தப் 'பழைய மால்' உலகத்துக்கே பழசு என்று. நாலு பக்கமும் மூடி, மேலே கூரை போட்டு, குளிரும் வெயிலும் உள்ளே வராதபடி கட்டிய முதல் மால் அது. மினியாபொலிஸை ஒட்டிய எடைனாவில் 1956 அக்டோபர் 8 அன்று திறந்தார்கள். 72 கடைகள், 8 லட்சம் சதுர அடி, 2 கோடி டாலர் செலவு. முதல் நாளே 75,000 பேர் வந்து குவிந்தார்கள்.

மறுநாள் காலை மணி எட்டு. வெளியே மைனஸ் 22. "கோட்டை வண்டியிலயே வச்சுட்டு வாக்கா, உள்ள வேர்த்துக் கொட்டும்" என்றான். நிறுத்திய இடத்திலிருந்து கதவு வரைக்கும் முப்பது அடிதான் இருக்கும். நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் முழங்கால் வலி என்று யாரும் நம்பமாட்டார்கள். முதல் கதவைத் தாண்டினால் ஒரு சின்ன அறை, அதற்கப்புறம் இன்னொரு கதவு. இரண்டுக்கும் நடுவே தரையில் கம்பளம். வருகிறவர்கள் எல்லாரும் அதில் நின்று பூட்ஸைத் தேய்க்கிறார்கள். சாலையில் பனி உருகத் தூவுகிற உப்பு, வெள்ளை வெள்ளையாகக் கம்பளத்தில் உதிர்கிறது. நானும் தேய்த்தேன். இரண்டாவது கதவைத் திறந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், எதிரே தங்க மரங்கள்.

ஹாரி பெர்ட்டோயா என்ற சிற்பி உலோகத்தில் செய்தவை அவை. நெட்டுக்குத்தாகக் கம்பிகள், அவற்றில் ஆங்காங்கே இலைபோல் தகடுகள். கீழ்த்தளத்தில் வேர்விட்டு மேல்தளத்தையும் தாண்டி நிற்கின்றன. மால் திறந்த நாள்முதல் அதே நடுக்கூடத்தில்தான் இருக்கின்றன. சுற்றியிருந்த கடைகளில் எத்தனையோ பெயர் மாறிவிட்டன, மரம் மட்டும் மாறவில்லை.

ஒரு காப்பிக் கடையைத் தவிர கடைகள் எதுவும் திறக்கவில்லை. ஷட்டர் இறங்கிய கடைகளுக்கு முன்னால் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். வெள்ளை வெளேரென்ற கேன்வாஸ் ஷூ, கையில் தண்ணீர்ப் புட்டி, வளவளவென்று பேச்சு. நம்மூர் கோயில் வெளிப்பிரகாரம் போலத்தான், சாமி மட்டும் இல்லை. தம்பி அந்தக் காப்பிக் கடையில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டான். நான் அந்த ஜோதியில் கலந்தேன்.

இரண்டாவது சுற்றில் ஒரு பாட்டி பேச்சுக் கொடுத்தார். நீலத் தொப்பி, நிமிர்ந்த நடை. சின்னப் பிள்ளையாக அம்மாவோடு இங்கே வந்ததுண்டாம். கடையெல்லாம் ஞாபகம் இல்லை, பறவைதான் ஞாபகம் இருக்கிறது என்றார். அந்த நாளில் நடுக்கூடத்தில் 21 அடி உயரத்துக்குக் கூண்டு வைத்து, கலர் கலராய்ப் பறவைகள் விட்டிருந்தார்கள். மீன் குளமும் இருந்தது. அதில் கைவிட்டு அம்மாவிடம் அடி வாங்கினேன் என்று சொல்லிவிட்டு, என் நடைக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

இதையெல்லாம் திட்டமிட்டவர் விக்டர் க்ரூயென். வியன்னாவில் பிறந்த யூதர், கட்டடக் கலைஞர். அரசியலைக் கிண்டலடிக்கும் மேடை நாடகங்களில் நடிக்கவும் செய்தவர். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் தப்பி ஓடிவந்தார். நாஜிப் படையின் உடுப்பை மாட்டிக்கொண்டு ஒரு நண்பர் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டாராம். அமெரிக்காவில் இறங்கியபோது கையில் 8 டாலர்தான் என்பார்கள்.

அவருக்குக் காரைக் கண்டாலே ஆகாது. நெடுஞ்சாலை ஓரம் முழுக்கக் கடையும் விளம்பரப் பலகையுமாக நீண்டு கிடப்பதும் பிடிக்கவில்லை. வியன்னாவில் மனிதர்கள் நடந்தார்கள், காப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள், வம்பு பேசினார்கள். இங்கே புறநகரில் வீட்டை விட்டால் கார், காரை விட்டால் வீடு. மினியாபொலிஸில் டேட்டன்ஸ் என்று பெரிய கடை வைத்திருந்த குடும்பம் புறநகருக்கு வர நினைத்து அவரைக் கூப்பிட்டபோது, நமக்கொரு வியன்னா கட்டிவிடலாம் என்று நினைத்துவிட்டார் மனிதர்.

கூரை யோசனை வந்ததற்குக் காரணம் இந்த ஊர்க் குளிர்தான். கடைக்குப் போவதற்குத் தோதான நாள் ஆண்டுக்கு 126-தான் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். மீதி நாளெல்லாம் பனி, மழை, புழுக்கம். அதனால் மொத்தமாக மூடிவிட்டு, உள்ளே எப்போதும் 24 டிகிரி இருக்கும்படி ஹீட் பம்ப் வைத்தார்கள். பொது இடமே கதகதப்பாக இருந்ததால் கடைக்காரர்களுக்குக் கதவு வைக்கிற வேலை மிச்சம். முகப்பைத் திறந்தே போட்டார்கள். நடந்து போகிறவர், போகிற போக்கில் உள்ளே நுழைந்துவிடலாம். இந்தச் சூட்சுமத்துக்குப் பிற்பாடு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சோப்பு வாங்கப் போனவர் சுற்றுப்புறத்தில் மயங்கி, வந்த காரியத்தை மறந்து, கண்டதையும் வாங்குகிற நிலைக்குக் 'க்ரூயென் விளைவு' என்று பெயர். பாவம், அவர் விரும்பிய புகழ் அதுவல்ல.

திறந்த மறுமாதமே ஃபிராங்க் லாயிட் ரைட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வந்து பார்த்துவிட்டு, இதென்ன ரயில் நிலையமா பஸ் நிலையமா என்று கேட்டார். கிராமத் தெருவின் கெடுதல் எல்லாம் இருக்கிறது, அழகுதான் இல்லை என்றாராம். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. மைனஸ் 22-இல் வந்து பார்த்திருந்தால் பஸ் நிலையமென்றாலும் உள்ளே உட்கார்ந்திருப்பார்.

டேட்டன்ஸ் வாங்கிப்போட்ட நிலம் 463 ஏக்கர். மாலைச் சுற்றி வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பூங்கா, ஏரி எல்லாம் வரும், மக்கள் காரில்லாமல் நடந்தே வருவார்கள் என்பது க்ரூயெனின் கனவு. நடந்தது வேறு. மாலைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கார் நிறுத்த இடம் வந்தது. நாடெங்கும் மற்றவர்கள் அவருடைய கூரையை மட்டும் காப்பியடித்தார்கள், கனவை விட்டுவிட்டார்கள். 1954-இல் வந்த வரிச் சலுகையால் புதுக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில வருடங்களிலேயே அதிகமாகக் கழித்துக்கொள்ள முடிந்தது. அதனால் மால் கட்டுவது பணமுதலைகளுக்கு நல்ல தொழிலாகிவிட்டது. பிற்காலத்தில் க்ரூயென் வியன்னாவுக்கே திரும்பிப் போனார். போனால், 1976-இல் வியன்னாவின் தெற்கு ஓரத்திலேயே ஒரு ராட்சத மால் முளைத்தது! நொந்துபோனவர் 1978-இல் லண்டனில் பேசும்போது, முறைகேடாகப் பிறந்த இந்தப் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கொடுக்கமாட்டேன் என்று கைகழுவிவிட்டார். இரண்டு வருடத்தில் இறந்தும் போனார்.

டேட்டன்ஸ் குடும்பத்துக்கு நஷ்டமில்லை. 1962-இல் மலிவு விலைக் கடை ஒன்று ஆரம்பித்தார்கள். அதுதான் இன்று அமெரிக்கா முழுக்கக் கிளை வைத்திருக்கும் டார்கெட். மினியாபொலிஸ் நகரத்துக் கடைக்காரர்கள், கூட்டமெல்லாம் சவுத்டேலுக்குப் போகிறதே என்று பயந்து, அதே வருடம் கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடிப் பாலம் போடத் தொடங்கினார்கள். தம்பி ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோட்டில்லாமல் சுற்றுவது அந்தப் பாலங்களில்தான். 1992-இல் பக்கத்திலேயே மால் ஆஃப் அமெரிக்கா வந்ததும் சவுத்டேல் கொஞ்சம் அடங்கிப்போனது. ஜேசிபென்னி என்ற பெரிய கடை இருந்த இடத்தில் இப்போது பிரம்மாண்டமான உடற்பயிற்சிக் கூடம். கார் நிறுத்திய நிலத்தின் ஓரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்திருக்கிறது. க்ரூயென் கேட்டது அறுபது வருடம் கழித்து, அரைகுறையாக.

நாலு சுற்று முடிந்து, தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தால் வண்டியைக் காணோம். கோட்டும் அதற்குள்தான். "இங்கதானே நிறுத்தினேன்..." என்று அவன் சாவியை அமுக்க அமுக்க, எங்கேயும் விளக்கு மின்னவில்லை. ஒரு நிமிஷத்தில் காது மரத்துவிட்டது.

தப்பு யாருடையதுமில்லை, க்ரூயெனுடைய சாமர்த்தியம். மாடிக்கு யாரும் ஏறமாட்டார்கள் என்று பயந்து, நிலத்தை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் அமைத்து, இரண்டு தளத்துக்கும் நேராக வெளியிலிருந்தே நுழையும்படி செய்திருந்தார். இரண்டுமே தரைத்தளம் மாதிரி இருக்கும். நாங்கள் நுழைந்தது மேல்தளம், வெளியே வந்தது கீழ்த்தளம்.

மறுபடி உள்ளே ஓடி, உப்புக் கம்பளத்தில் பூட்ஸைத் தேய்த்து, எஸ்கலேட்டரில் ஏறினோம். தங்க மரத்துக்குப் பக்கத்தில் நீலத் தொப்பிப் பாட்டி இன்னும் நடந்துகொண்டிருந்தார்.

"இன்னொரு சுற்றா?" என்று கேட்டுவிட்டு, எங்களைத் தாண்டிப் போனார்.