சூசா அரண்மனையைக் கட்டிய வெளியூர்க்காரர்கள்

பாரிசுக்கு வந்த முதல் வருடம் எனக்கு இந்த நகரம் என்றால் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவும், நான் கோப்பை கழுவிய றெஸ்ரோறண்டின் குசினியும், இரண்டுக்கும் நடுவே ஓடிய மெட்ரோவும்தான். வதிவிட கார்ட் கையில் வந்த பிறகு பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். அங்கே ஈரானின் ஷிராஸ் நகரத்தவர் ஒருவர், வடக்கு ஆப்கானிஸ்தானில் பல்க் பக்கத்துப் பெடியன் ஒருவன், சூடான், மாலி என்று பல நாட்டார் இருந்தோம். ஒருநாள் ஆசிரியை எங்களை லூவர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். மற்றவர்கள் மோனாலிசாவைத் தேடிப் போக, ஷிராஸ்காரர் என் கையைப் பிடித்துப் பாரசீகக் கூடங்களுக்கு இழுத்துப்போனார்.

மெருகேற்றிய வண்ணச் செங்கல்லில் செய்த வில்லாளர்கள் அங்கே வரிசையாக நிற்கிறார்கள். பக்கத்தில் இரட்டைக் காளைத் தலையோடு ஒரு பெரிய தூண்முடி. ஏறக்குறைய 2,500 வருடத்துக்கு முன் பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ், இன்றைய தென்மேற்கு ஈரானில் இருக்கும் சூசாவில் கட்டிய அரண்மனையிலிருந்து வந்தவை இவை. 1884 முதல் 1886 வரை மார்செல், ஜான் தியுலஃபுவா தம்பதி அங்கே தோண்டி எடுத்தார்கள். அந்தச் சபை மண்டபத்தில் 36 தூண்கள், ஒவ்வொன்றும் இருபது மீட்டர் உயரம். அழகுதான். ஆனால் என்னை அந்த இடத்தில் பிடித்து நிறுத்தியது அரண்மனையின் அடிக்கல் சாசனம்.

அதில் டேரியஸ் யார் யார் வந்து வேலை செய்தார்கள் என்று சொல்கிறான். தேவதாரு மரம் லெபனானிலிருந்து. தங்கம் இன்றைய மேற்குத் துருக்கியின் சார்டிசிலிருந்தும் பாக்ட்ரியாவிலிருந்தும். யானைத் தந்தம் எகிப்துக்குத் தெற்கே கூஷ் நாட்டிலிருந்தும் சிந்து வெளியிலிருந்தும் தெற்கு ஆப்கானிஸ்தானின் அரக்கோசியாவிலிருந்தும். கல்லுளி பிடித்தவர்கள் அயோனியர் என்ற ஏஜியன் கரைக் கிரேக்கரும் சார்டிஸ்காரரும், பொன்வேலை செய்தவர்கள் வடமேற்கு ஈரானின் மேதியரும் எகிப்தியரும், செங்கல் சுட்டவர்கள் பாபிலோனியர். பாக்ட்ரியா என்பது தன் ஊர்ப்பக்கம்தான் என்று தெரிந்ததும் பல்க் பெடியன் திரும்பி வந்து அந்தக் கூடத்தை இன்னொரு முறை சுற்றினான். ஒரு பேரரசன் தன் வீட்டைப் பற்றிப் பெருமை பேசும்போது வெளியூர் வேலையாட்களின் நாடுகளை ஒன்றுவிடாமல் சொல்கிறானே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அன்றிலிருந்துதான் அகாமனியர் என்ற வம்சம் ஆண்ட இந்தப் பாரசீகச் சாம்ராஜ்யத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

அதன் எழுச்சி மலைக்க வைக்கும் வேகம். கி.மு. 550இல் பாரசீக அரசன் சைரஸ் மேதியரை வென்றான், அடுத்து சார்டிஸ் இருந்த லிடியா நாடு, 539இல் பாபிலோன். அவன் மகன் கம்பைசஸ் 525இல் எகிப்தைப் பிடித்தான். பிறகு வந்த முதலாம் டேரியஸ் காலத்தில் சிந்து ஆற்றிலிருந்து ஏஜியன் கடல் வரை ஒரே ஆட்சி. இத்தனை பேரை ஒரே மொழி பேச வைக்க அவர்கள் முயலவில்லை. மேற்கு ஈரானில் டேரியஸ் செதுக்கிய பெஹிஸ்தூன் மலைக் கல்வெட்டு பழைய பாரசீகம், எலாமியம், பாபிலோனியம் என்று மூன்று மொழிகளில் இருக்கிறது. தூரதேசக் கடிதங்களுக்கு, அப்போது மேற்காசியாவில் பரவியிருந்த அரமேய மொழி. அரசனின் தாய்மொழி அலுவலகத்தில் அநேகமாக இல்லவே இல்லை. மொழி தெரியாமல் கவுண்டருக்கு முன்னால் நின்றவனுக்கு இது சின்ன விஷயம் கிடையாது.

அவர்களின் இன்னொரு தலைநகரான பெர்சபொலிசில் 1933இல் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் பல கூலிக் கணக்கு. எகிப்தியர், லைசியர், திரேசியர், இந்தியர் என்று கூட்டம் கூட்டமாக வேலையாட்கள்; சாதாரண ஆளுக்கு மாதம் ஏறக்குறைய 30 லிட்டர் பார்லி. பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தனியாக ஒரு பங்கு உண்டு, ஆண் பிள்ளை என்றால் இரண்டு மடங்கு. இந்தக் கடைசி வரி எனக்குக் கசக்கிறது. என்றாலும் கணக்கில் அந்தத் தாய்மார் இருக்கிறார்கள்.

ஒக்ஸ்போர்டில் ஒரு தோல் கடிதம் இருக்கிறது. எகிப்தின் ஆளுநராக இருந்த அர்ஷாமா என்ற இளவரசன் தன் பண்ணை அதிகாரி நெக்தோருக்குக் கொடுத்தனுப்பியது. வழியில் உள்ள ஒவ்வொரு ஊரிலும் இவர்களுக்கு மா, மது அல்லது பியர், குதிரைக்குத் தீவனம் கொடுங்கள் என்கிறது. அப்புறம் ஒரு கண்டிப்பு: ஓரிடத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினால் கூடுதல் நாட்களுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். அகதி விடுதியில் சாப்பாட்டுச் சீட்டு வாங்கியவர்களுக்கு இந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

எல்லோரும் விரும்பி வந்தவர்கள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கி.மு. 490இல் பாரசீகப் படை கிரேக்க நகரம் எரெத்ரியாவை எரித்து, மக்களைப் பிடித்து, சூசாவுக்குப் பக்கத்தில் அர்தெரிக்கா என்ற இடத்தில் குடியேற்றியது. தன் காலத்திலும் அவர்கள் பழைய மொழியையே பேசிக்கொண்டு அங்கே வாழ்ந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். எழுதியது ஒரு தலைமுறைக்கும் மேல் கழிந்த பிறகு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடும் எங்கள் பெற்றோருக்கு அந்த எரெத்ரியர் சொந்தக்காரர் மாதிரி.

வீழ்ச்சிக்கு அலெக்சாந்தரை மட்டும் சொல்வது எனக்குப் போதவில்லை. அவனுக்கு முன்பே அரண்மனைக்குள் அண்ணன் தம்பிச் சண்டை, கி.மு. 401இல் இளைய சைரஸ் கிரேக்கக் கூலிப்படையோடு அண்ணன் மேலேயே படையெடுத்தான். எகிப்து கைவிட்டுப் போய் அறுபது வருடம் கழித்துத்தான் திரும்ப வந்தது. ஆளுநர்கள் கலகம் செய்தார்கள். 331இல் கௌகமேலாவில் தோற்ற மூன்றாம் டேரியசைக் கொன்றது பாக்ட்ரியாவின் ஆளுநர் பெஸ்ஸஸ், அவனுடைய சொந்த ஆள். 330இல் பெர்சபொலிஸ் எரிந்தது. சைரசிலிருந்து கணக்குப் பார்த்தால் 220 வருடம்.

அந்தத் தீக்குச் சற்று முன் நடந்ததாக டியோடோரஸ் என்ற பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஒரு சம்பவம் சொல்கிறார். பெர்சபொலிசை நோக்கிப் போகும் வழியில் அலெக்சாந்தர் ஏறக்குறைய 800 கிரேக்கக் கைதிகளைச் சந்தித்தான். முந்திய அரசர்கள் கொண்டுவந்த கைவினைஞர்கள். பலருக்குக் கையோ காலோ மூக்கோ வெட்டப்பட்டிருந்தது. ஊருக்கு அனுப்புகிறேன் என்றான். அவர்கள் தங்களுக்குள் பேசிப் பார்த்து, வேண்டாம் என்றார்கள். ஊரில் ஆளுக்கொரு திசையில் தனியாகக் கூனிக்குறுகி வாழ்வதைவிட, ஒரே கதி வந்தவர்கள் ஒன்றாக இருப்பது ஆறுதல் என்றார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் 3,000 திராக்மாவும் உடைகளும் இரண்டு சோடி எருதும் 50 ஆடும் கோதுமையும் கொடுத்து, வரியையும் நீக்கினான். இது கட்டுக்கதை என்று சில வரலாற்றாசிரியர்கள் ஒதுக்குகிறார்கள். நான் நம்புகிறேன். அவர்கள் சொன்ன அதே காரணத்தை லா சப்பலில் எங்கள் பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.