இரவில் பிறந்த குழந்தையும் இல்லாத ஊசியும்

மனைவிக்கு ஹெபடைடிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று, இருப்பது கர்ப்பத்தின் மூன்றாம் மாதப் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டது. வைரஸ் அளவு அதிகமாக இருந்ததால் 28-வது வாரத்திலிருந்து அதைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை. அதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

இப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள்), இரண்டும் 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிறக்கும்போது தொற்றிக்கொண்டால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாட்பட்ட நோயாகவே தங்கிவிடும். ஒவ்வொரு பரிசோதனையின்போதும் இதைக் கேட்டோம். "எல்லாம் இங்கேயே இருக்கிறது" என்றார்கள்.

இரவு 10 மணிக்கு மகள் பிறந்தாள். இம்யூனோகுளோபுலின் கையிருப்பில் இல்லை. தடுப்பூசி இருந்தது, ஆனால் கிடைக்கவில்லை. "பத்துக் குழந்தைகளுக்கான புட்டி சார், ஒரு குழந்தைக்காகத் திறந்தால் வீணாகும். காலையில் பார்க்கலாம்" என்றார் பணியில் இருந்தவர். திறந்த புட்டியை முறைப்படி குளிரில் வைத்து 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்பது அரசு விதி. கைப்பேசியில் அதைக் காட்டியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டே டாக்டரை அழைத்தார். டாக்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் புட்டியைத் திறக்கச் சொன்னார்.

இம்யூனோகுளோபுலின் தேடி மச்சான் மாவட்டத் தலைநகருக்குப் போனார். விலை அதிகம், கேட்பவர் குறைவு என்பதால் பெரிய மருந்துக்கடைகளே வாங்கி வைப்பதில்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரவுக் கடையில் கிடைத்தது. ஐஸ் பெட்டியில் கொண்டுவருபவர்கள் கவனிக்க: மருந்தின்மேல் ஐஸ் நேரடியாகப் படக் கூடாது, உறைந்தால் பயனில்லை. விடிவதற்குள் ஊசி போட்டாகிவிட்டது.

கொடுமை என்னவென்றால், 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த இம்யூனோகுளோபுலின் இலவசம். எட்டாம் மாதமே மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரித்து வையுங்கள். வாய்வார்த்தையை நம்பாமல், மருந்து கையிருப்பில் இருப்பதைக் கண்ணால் பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு ஊசிகளின் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். எங்கள் சீட்டில் ஒன்றுதான் இருந்தது, அதற்காக மறுபடி அலைந்தோம்.

தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று உறவினர்கள் போட்ட சத்தத்தைக் காதில் வாங்கவில்லை. கொடுக்கலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஒன்பது மாதம் முடியும் முன் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தால், ஊசி வழியே வந்த எதிர்ப்பொருள் கணக்கைக் குழப்பும். காத்திருந்து எடுத்தோம். வைரஸ் இல்லை, எதிர்ப்பொருள் போதிய அளவு இருக்கிறது.