பட்டா இல்லாதவருக்கு ஜாமீன்

நீலகிரி மாவட்டக் கூடலூர் பேருந்து நிலையத்தில் இன்று ஓர் அம்மா. மடியில் பிளாஸ்டிக் உறை. உள்ளே ரேஷன் அட்டை, மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோன வீட்டுவரி ரசீது.

"மகனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது தம்பி. ஆள் ஜாமீனுக்கு, அதாவது அவனுக்காகப் பொறுப்பேற்று நிற்க, சொத்துக் காகிதம் கேட்கிறார்கள்."

பட்டாவுக்கு அவர் எங்கே போவார்? ஜென்மிகள் எனப்படும் பரம்பரை நில உடைமையாளர்களின் உரிமையை ஒழிக்க 1969-இல் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தும், கூடலூரில் எத்தனையோ குடும்பங்கள் பட்டா இல்லாமலேயே தலைமுறைகளைக் கடத்துகின்றன.

அந்தக் குறைதான் இப்போது சிறைக் கதவையும் பூட்டி வைத்திருக்கிறது.

ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஆள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே தானாக முன்வந்து பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அம்மாவிடம் இதை யாருமே சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர்களை வெளியே விட்டால் ஊருக்குப் பாதுகாப்பில்லை என்று பேசுகிறவர்களைக் கேட்கிறேன். குற்றம் நிரூபணமாகாத ஓர் இளைஞன், காகிதம் இல்லாத ஒரே காரணத்தால் உள்ளே கிடந்து, வேலையும் பெயரும் போய் வெளியே வந்தால் யாருக்குப் பாதுகாப்பு?

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவி எண் 15100. அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஊரில் தேவைப்படுவோருக்கும் சொல்லுங்கள்.