‘ஹாவ்’ என்ற ஒரு சொல்லுக்காக ஒன்றரை வருசம்: என் மொழிபெயர்ப்புப் பரீட்சை அனுபவம்

பெறுபேறு வந்து ஐந்து நாளாகிறது. ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பாளர் போட்டிப் பரீட்சையில் என் சுட்டெண் இருக்கிறது. இது இரண்டாம் தடவை. போன முறை விழுந்தவள் இந்த முறை எப்படி எழும்பினாய் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி முடியாது, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். வினாத்தாள் எப்படி வரும், எத்தனை மணித்தியாலம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

என் கதை முழுக்க ஒரு வினைச்சொல்லில் நிற்கிறது. ஆங்கிலத்தின் ‘ஹாவ்’ (have).

முதல் தடவை எழுதிவிட்டுக் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வரும்போது நன்றாகச் செய்தேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் வீட்டில் இருந்து, நான் எழுதிய தமிழை நினைவிலிருந்து மறுபடி கொப்பியில் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் 11 இடத்தில் ‘கொண்டு’ வந்திருந்தது. குடும்பம் மூன்று பிள்ளைகளைக் கொண்டிருக்கிறது. கிராமம் வைத்தியசாலையைக் கொண்டிருக்கவில்லை. நோயாளி காய்ச்சலைக் கொண்டிருந்தார். அம்மம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். “காய்ச்சலை ஏன் பிள்ளை அந்த மனிசன் கொண்டு திரியிறார்?” என்று கேட்டார். பகிடிக்கு இல்லை, விளங்காமல்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பெறுபேறு வருமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. நகரத்தில் நான் போன வகுப்பில் ‘ஹாவ்’ வந்தால் ‘கொண்டிரு, பெற்றிரு, உடையதாயிரு’ என்று மூன்றையும் வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டு, பாடமாக்கச் சொன்னார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நெல்லியடியிலிருந்து சனி ஞாயிறு பஸ் ஏறிப் போய்ப் படித்தது அது. எந்தப் பொருளுக்கு எது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. தமிழில் ‘ஹாவ்’ என்ற வினையே கிடையாது, அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, எப்படி மாறினேன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு சைவ வீடு. பக்கத்து வீட்டு அன்ரி வேதக்காரர். ஆங்கிலமும் தமிழும் வசனத்துக்கு வசனம் எண் போட்டுப் பொருந்தி வரும் பெரிய நூல் வேறு எங்கே கிடைக்கும் என்று யோசித்தபோதுதான் பைபிள் நினைவுக்கு வந்தது. அன்ரியிடம் இரண்டையும் இரவல் வாங்கினேன். ஆங்கிலத்தில் ‘ஹாவ்’ வரும் இடமாகப் பார்த்து, தமிழில் என்ன செய்திருக்கிறார்கள் என்று கொப்பியில் எழுதத் தொடங்கினேன். முதலில் கண்ணில் பட்டது மத்தேயு 8:20. ஆங்கிலத்தில் நரிகள் குழிகளை ‘ஹாவ்’, பறவைகள் கூடுகளை ‘ஹாவ்’. தமிழில்: “நரிகளுக்குக் குழிகளும் ஆகாயத்துப் பறவைகளுக்குக் கூடுகளும் உண்டு, மனுஷகுமாரனுக்கோ தலைசாய்க்க இடமில்லை.”

அந்த வசனத்தை நான் எழுதியிருந்தால் நரிகள் குழிகளைக் கொண்டிருந்திருக்கும்.

அப்புறம் அப்போஸ்தலர் 3:6. அங்கே பேதுரு வெள்ளியும் பொன்னும் ‘ஹாவ்’ இல்லை என்கிறார். தமிழில் “வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை, என்னிடத்திலுள்ளதை உனக்குத் தருகிறேன்”. ‘எனக்கு’ இல்லை, ‘என்னிடத்தில்’. காதை ‘ஹாவ்’ பண்ணுகிறவன் “காதுள்ளவன்”. ஒரே ஆங்கிலச் சொல், மூன்று தமிழ் வழி, மூன்றும் வாயில் உருளுகிறது. இந்த வேலையில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து பேர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலரும் சேர்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது, அதன் பிறகு போவர் என்ற பாதிரியாரின் தலைமையில் 1871இல் வந்ததைத்தான் பழைய பதிப்பு என்று இன்றும் வாசிக்கிறார்கள். சைவத்துக்காக வாழ்நாள் முழுக்க நின்றவர் அந்த வேலையை எத்தனை கவனமாகச் செய்திருப்பார் என்பதை, மொழிபெயர்ப்புக்குப் படிப்பவர்கள் ஒரு தரமாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஒன்றைப் பிடித்தால் அடிவேர் வரை போகாமல் எனக்கு நித்திரை வராது. அந்த நரி வசனத்தை மற்ற மொழிகள் என்ன செய்திருக்கின்றன என்று தேடத் தொடங்கினேன். மூலம் கிரேக்கம், அதில் ‘எக்கோ’ என்ற வினை, ‘பிடித்திருத்தல்’ என்ற பொருளில் கிளம்பி ‘வைத்திருத்தல்’ ஆனது. லத்தீனில் ‘ஹபேரே’, ஜேர்மனில் ‘ஹாபன்’. (ஜேர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 படித்துக்கொண்டிருந்த என் மச்சாளுக்கு ஆரம்பப் பாடங்களிலேயே அதுதான் வந்தது.) ஆங்கில ‘ஹாவ்’, ஜேர்மன் ‘ஹாபன்’ இரண்டும் லத்தீன் ‘ஹபேரே’யின் பிள்ளைகள் என்று நினைப்போம், ஓசை அப்படி. உண்மையில் வேர் வேறு. ‘ஹாவ்’ வந்தது ‘பிடித்துக்கொள்’ என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து, லத்தீன் ‘காபெரே’ அதற்கு உறவு. ஸ்பானிய மொழியில் பொருள் வைத்திருப்பதற்கு ‘தெனேர்’, அதுவும் ‘கையில் பிடி’தான்.

அரபு அந்த வசனத்தில் தமிழின் பக்கம் நிற்கிறது: ‘நரிகளுக்கு வளைகள்’, வினையே இல்லை. எபிரேயத்திலும் அப்படித்தான். ஜப்பானிய மொழியில் ‘நரிகளுக்குக் குழி உண்டு’, வேற்றுமை உருபு வரை நம்மோடு ஒத்துப்போகிறது. பின்லாந்து மொழி ‘நரிகள் மேல்’ இருக்கிறது என்கிறது. சுவாஹிலியில் ‘குழியோடு இருக்கின்றன’. சீனத்தில் ‘யோ’ என்ற ஒரே சொல் ‘உண்டு’க்கும் வரும், ‘வைத்திரு’க்கும் வரும்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது ரஷ்ய மொழி. சாதாரணமாகப் பேசும்போது ரஷ்யர் ‘என்னிடத்தில் இருக்கிறது’ என்பார்கள், ‘உ மென்யா யெஸ்த்’. பைபிளில் மட்டும் நரிகள் குழிகளை ‘இமேயுத்’, கிரேக்கத்தைப் பின்பற்றி நேரடியான ஒரு வினையை எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் விடைத்தாளில் செய்ததையே அவர்களும் செய்திருக்கிறார்கள்! மூலத்தில் வினை இருந்தால் நம்மிலும் வினை இருந்தாக வேண்டும் என்ற பயம் உலகம் முழுக்க இருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த வகுப்பின் மேல் இருந்த கோபமும் கொஞ்சம் குறைந்தது. கொள் என்றால் பிடி, எடு. பிடித்தலிலிருந்து வைத்திருத்தல் பிறப்பது ஐரோப்பாவில் எத்தனையோ தரம் நடந்திருக்கிறது, தமிழிலும் நடக்கத் தொடங்கியிருக்கிறது. ‘இந்நூல் மூன்று பகுதிகளைக் கொண்டது’ நல்ல தமிழ். ‘கார் வைத்திருக்கிறார்’ அதைவிட நல்ல தமிழ். பிழை, காய்ச்சலையும் பிள்ளைகளையும் அதே கையால் பிடிக்க வைத்ததுதான்.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன். ‘ஹாவ்’ வந்தால் பேனையை வைத்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: யாருக்கு, எது?

– உறவு, உடம்பு, நோய், உணர்வு, உரிமை: ‘-க்கு’. எனக்கு இரண்டு தம்பிமார். எனக்குத் தலையிடி. உங்களுக்கு உரிமை உண்டு.
– கையில், பையில், கந்தோரில் இருக்கும் பொருள்: ‘-இடம்’. என்னிடம் காசு இல்லை. கோப்பு அவரிடம் இருக்கிறது.
– குணம், தகுதி: உள்ள, உடைய. அனுபவமுள்ளவர். தகைமையுடையோர்.
– இடம், நிறுவனம்: ‘-இல்’. கிராமத்தில் வைத்தியசாலை இல்லை. சபையில் ஏழு உறுப்பினர்கள் உள்ளனர்.
– சட்ட வாசகம்: ‘தத்துவம் உடையது’ (இங்கே தத்துவம் என்றால் அதிகாரம்), ‘உரித்துடையவர்’. இதில் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள், சட்டங்களின் தமிழ்ப் பிரதியில் இருப்பதையே எழுதுங்கள்.
– ‘ஹாவ் டு’: வேண்டும். ‘ஹாவ்’ என்பதற்குப் பிறகு முடிந்த வினை வந்தால்: வந்திருக்கிறார், எழுதியிருக்கிறேன். ஆங்கிலம் ‘ஹாவ்’ போடும் இடத்தில் தமிழ் ‘இரு’ போடுகிறது.
– ‘ஹாவ் அ சீற்’: இருங்கோ. (வினாத்தாளில் வராது. ஆனால் யாழ்ப்பாணத்தாருக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.)

முதல் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் மிக முக்கியம். ‘எனக்குக் காசு இல்லை’, ‘என்னிடம் காசு இல்லை’ இரண்டும் ஒன்றல்ல. ‘என்னிடம் இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள்’ என்றால் அவர்கள் என் பொறுப்பில் நிற்கிறார்கள் என்றுதான் கேட்கும். இந்த வேறுபாடு தமிழுக்கு மட்டும் உரியதல்ல. அரபில் உறவுக்கு ‘லீ’, சொத்துக்கு ‘இந்தீ’, கையோடு இருப்பதற்கு ‘மஈ’. ஹிந்தியில் காருக்கு ‘மேரே பாஸ்’, சகோதரருக்கு ‘மேரே’, காய்ச்சலுக்கு ‘முஜே’. ஐரிஷ் மொழியில் புத்தகம் ‘என்னிடத்தில்’, பசி ‘என் மேல்’. நம் இலக்கணக்காரர் வேறொரு இடத்தில் இதைத் தொட்டிருக்கிறார்கள்: ஆறாம் வேற்றுமையில் சாத்தனது கை தற்கிழமை (தன்னை விட்டுப் பிரியாதது), முருகனது வேல் பிறிதின்கிழமை (தன்னிலிருந்து வேறான பொருள்). உயர்தரத்தில் தமிழ் படித்தவர்கள் நன்னூலில் பாடமாக்கியிருப்பீர்கள். பாடமாக்கியதைப் பயன்படுத்த எனக்கு இத்தனை வருசம் எடுத்தது.

திருவள்ளுவரின் “அறிவுடையார் எல்லா முடையார் அறிவிலார் என்னுடைய ரேனும் இலர்” என்ற குறளையும் இந்தக் கண்ணோடு ஒரு தரம் வாசியுங்கள். உடையார், இலர். ‘ஹாவ்’ என்பதன் முழு வேலையையும் காலம் காட்டாத அந்தக் குறிப்பு வினைகள் செய்துவிடுகின்றன.

சிங்களமும் வைத்து எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேற்றுமை விசயத்தில் சிங்களம் நமக்கு மிகக் கிட்ட. ‘எனக்கு’ என்பது ‘மட்ட’. ஆனால் வினையில் சறுக்கிவிடும். உயிருள்ளதற்கு ‘இன்னவா’, உயிரில்லாததற்கு ‘தியெனவா’. நமக்கு இரண்டுக்கும் ‘இரு’ ஒன்றுதான் என்பதால் நான் வேலை செய்யும் இடத்தில் பல மாதமாக என் தங்கச்சியை மேசை கதிரை மாதிரி ‘தியெனவா’ போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருவரும் திருத்தவில்லை, அது எனக்கு மிகவும் நொந்தது. ஜப்பானிய மொழியிலும் அதே பிரிவு, ‘இரு’, ‘அரு’ என்று. ஜோர்ஜிய மொழியில் ‘வைத்திரு’ என்பதற்கே இரண்டு வினை, ஒன்று உயிருள்ளதற்கு, மற்றது பொருளுக்கு, அதிலே கார் உயிருள்ளவற்றோடு சேர்கிறது.

படித்த முறை பற்றிக் கேட்டவர்களுக்கு. எனக்குக் கூட்டாகப் படிப்பது ஒத்துவராது. விடிய நாலரைக்கு எழும்பி ஆறரை வரை, ஒரு நாளைக்கு ஒரு பத்தி மட்டும். சனிக்கிழமை யாழ்ப்பாணப் பொது நூலகம், அங்கே பழைய அகராதிகளை விரித்து வைத்துக்கொண்டு. விரைவாக எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வேகம் எரிச்சலாக இருக்கலாம், ஆனால் நாளுக்கு ஐந்து பத்தி செய்து எதையும் திரும்பிப் பார்க்காமல் விடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

– மாதிரி வினாத்தாள் குவிக்க வேண்டாம். பத்தே போதும், ஒவ்வொன்றையும் மூன்று தரம்.
– எழுதியதை ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இதை விடவே விடாதீர்கள். எனக்கு அம்மம்மா.
– கடைசி 15 நிமிசம் மூலத்தைப் பார்க்காமல் தமிழை மட்டும் வாசியுங்கள்.
– சுருக்கம் எழுதுதல், கலைச்சொல் பகுதி பற்றி என்னிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த முறை வந்த பத்தியில் ‘ஹாவ்’ ஒன்பது இடத்தில் நின்றது. ஒன்பதையும் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத்தான் முதல் வசனத்தைத் தொட்டேன். ஒரே ஒரு இடத்தில் ‘கொண்ட’ எழுதினேன், அது ஐந்து பேரைக் கொண்ட குழு, அங்கே அதுதான் சரி.

பெறுபேறு வந்த அன்று பின்னேரம் அன்ரியின் இரண்டு புத்தகங்களையும் கடதாசி உறை போட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆங்கிலத்தை வாங்கிக்கொண்டார். தமிழை என் பக்கம் தள்ளி, “இது உன்னட்டையே இருக்கட்டும் பிள்ளை” என்றார்.

நேர்முகத் தேர்வுக்கு இன்னும் திகதி வரவில்லை. என் கொப்பி வேண்டுமானவர்கள் வந்து படமெடுத்துக்கொண்டு போகலாம், 140 வசனம் வரை இருக்கிறது, கையெழுத்து ஓரளவு விளங்கும்.