பழைய லாரிக்கு முதலில் ரேடியேட்டர்

பழைய டீசல் லாரியில் இழுவை குறைந்தால் உடனே எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பில் டீசலைக் கூட்டச் சொல்லாதீர்கள் அண்ணே. கரும்புகைதான் வரும், எஞ்சின் சூடும் ஏறும். ஏர் ஃபில்டர், டேப்பட் (வால்வு இடைவெளி), டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) எல்லாம் பார்த்த பிறகுதான் பம்பு.

ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது எஞ்சின் சூடு காட்டும் மீட்டரின் ஊசி சிவப்பைத் தொட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது நம் ஊர் போர் தண்ணீரைத்தான். அதிலுள்ள உப்பு, எஞ்சின் தண்ணீரைக் குளிர வைக்கும் ரேடியேட்டரின் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். நன்றாகக் கழுவிவிட்டு கூலன்ட் ஊற்றுங்கள். மூடியையும் கவனியுங்கள்: 1 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும்.

அப்புறம், எஞ்சின் சூடான பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமல் டீசல் குடிக்கும், லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) தேயும். சந்தேகமாக இருந்தால் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் புதிது மாட்டுங்கள்.