லண்டன் தையல் தெருக்கள்: மெக்வீனும் வெஸ்ட்வுட்டும் வெட்டக் கற்ற இடங்கள்

லண்டனில் ஆண்களுக்கு சூட் தைக்கும் கடைகளுக்குப் பேர்போன சாவில் ரோவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடைகளின் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தெருவில் குனிந்து பார்க்க வேண்டும். நடைபாதையை ஒட்டி இரும்புக் கம்பி வேலி. அதற்குக் கீழே, தெரு மட்டத்துக்கும் தாழ்வாக, தையல் அறைகள். ஓர் அறையில் நரைத்த தலைக்காரர் ஒருவர் கோட்டின் மார்பில் மடங்கி நிற்கும் லேப்பலை இடது கையில் வளைத்துப் பிடித்தபடி ஊசி போட்டுக்கொண்டிருந்தார். துணியை அவர் மேசையில் தட்டையாக வைக்கவே இல்லை. மேல் துணிக்கும் உள்ளே விறைப்புக்காக வைத்த கேன்வாஸ் துணிக்கும் நடுவில் சின்னச் சின்ன சாய்வுத் தையல்கள். ஒவ்வொன்றைப் போடும்போதும் விரல் அந்த வளைவை விடாமல் பிடித்திருக்கிறது. இப்படி நூற்றுக்கணக்கில் போட்டு முடித்தால்தான் லேப்பல் தானாக உருண்டு மார்பில் படிந்து நிற்கும். இஸ்திரி போட்டு அந்த உருளலைக் கொண்டுவர முடியாது. கால் மணி நேரம் நின்று பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை.

பிரிட்டிஷ் ஃபேஷன் என்றதும் எல்லோரும் கலகத்தைத்தான் பேசுகிறார்கள். வடிவமைப்பாளர்கள் விவியன் வெஸ்ட்வுட்டின் ஊக்குகள், அலெக்ஸாண்டர் மெக்வீனின் அதிரவைக்கும் மேடைகள். எனக்கு அந்தக் கலகத்தைவிட, அதற்கு அடியில் இருக்கும் கத்திரி வேலைதான் பெரிதாகப் படுகிறது. துணியை முறையாக வெட்டத் தெரிந்ததால்தான் அவர்களால் முறையை உடைக்க முடிந்தது. அதைக் கற்ற இடங்களை நேரில் பார்க்கவே இந்த முறை லண்டனில் சுற்றினேன்.

சாவில் ரோவே 1730களில் போட்ட தெரு. 15ஆம் எண்ணில் இருக்கும் ஹென்றி பூல் 1846இல் இந்தத் தெருவுக்கு வந்தது. மாலை விருந்துகளுக்குப் போடும் டின்னர் ஜாக்கெட்டை 1865இல் வேல்ஸ் இளவரசருக்காக முதலில் தைத்தது தாங்கள்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கடை. இங்கே ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை போகும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பழுப்புக் காகிதத்தில் தனியாகப் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அச்சு, வெட்டிக் கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

மெக்வீன் இந்தத் தெருவுக்கு வந்தபோது பள்ளியை விட்ட பதினாறு வயதுப் பையன். கிழக்கு லண்டன் டாக்ஸி ஓட்டுநரின் மகன், ஆறு பிள்ளைகளில் கடைசி. சாவில் ரோவில் தொழில் பழக ஆள் இல்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். போய்க் கேட்டுப் பார் என்று அம்மாதான் அனுப்பினார். ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் அப்போது 30ஆம் எண்ணில் இருந்தது. இப்போது பக்கத்துத் தெருவான ஓல்ட் பர்லிங்டன் தெருவுக்கு மாறிவிட்டது. அங்கே கோட்டு பழகினார். பிறகு 1ஆம் எண்ணில் இருந்த கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ். அப்புறம் நாடக உடைகள் தைக்கும் ஏஞ்சல்ஸ் அண்ட் பெர்மன்ஸ். பழங்கால உடைகளின் வெட்டு கைக்கு வந்தது அங்கேதான். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரிக்கு அவர் போனது பேட்டர்ன் வெட்டச் சொல்லித்தரும் வேலை கேட்டு. அவர்கள் மாணவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1992இல் அவருடைய பட்டப்படிப்பு உடைத் தொகுப்பு முழுவதையும் ஃபேஷன் பத்திரிகையாளர் இசபெல்லா ப்ளோ 5,000 பவுண்டுக்கு வாங்கினார், தவணை முறையில்.

90களின் நடுவில் மெக்வீன் கொண்டுவந்த ‘பம்ஸ்டர்’ கால்சட்டையை ஆபாசம் என்று பலர் ஒதுக்கினார்கள். முதுகெலும்பு முடியும் இடம் வரை இறங்கிய இடுப்புப் பட்டி. உடம்பின் மேல்பகுதியை நீளமாகக் காட்டத்தான் அப்படி வெட்டியதாக அவர் சொன்னார். ஒரு நிமிடம் தைப்பவர் கண்ணோடு யோசித்துப் பாருங்கள். இடுப்பில் பிடிமானமே இல்லாத கால்சட்டை, நடக்கும்போது நழுவக் கூடாது. அதை நிற்க வைப்பதற்கு இடுப்பெலும்பின் வளைவு விரல்நுனியில் இருக்க வேண்டும். சாவில் ரோ தந்த படிப்பு அது. சில வருடங்களில் லோ வெய்ஸ்ட் ஜீன்ஸ் உலகம் முழுக்கப் பரவியதற்கு விதை அங்கே என்று ஃபேஷன் உலகில் பலரும் சொல்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

மெக்வீனுக்கு முன்பே இதே தெருவுக்குள்ளிருந்து மாற்றம் கிளம்பியது. 35ஏ எண்ணில் 1969இல் டாமி நட்டர் கடை போட்டார். அகலமான லேப்பலும் உயர்ந்த தோளும் அவர் அடையாளம். கத்திரி பிடித்தவர் எட்வர்ட் செக்ஸ்டன். பீட்டில்ஸ் இசைக்குழு வரிசையாகச் சாலையைக் கடக்கும் அட்டைப்படம் நினைவிருக்கிறதா? டெனிமில் இருக்கும் ஜார்ஜ் ஹாரிசனைத் தவிர மற்ற மூவர் போட்டிருப்பது நட்டர் சூட். செக்ஸ்டன் பெயரை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மதியத்துக்கு மேல் 22ஆம் எண் பஸ்ஸில் கிங்ஸ் ரோடு. 138ஏ எண்ணில்தான் மினி ஸ்கர்ட்டால் பேர்பெற்ற வடிவமைப்பாளர் மேரி குவான்ட் 1955இல் ‘பஸார்’ கடையைத் திறந்தார். ஆரம்பத்தில் ஹாரட்ஸில் சில்லறை விலைக்குத் துணி வாங்கி, தன் சின்ன அறையில் தைத்து விற்றிருக்கிறார். மினி ஸ்கர்ட்டைக் கண்டுபிடித்தது தான் இல்லை, இன்னும் குட்டையாக வெட்டு என்று கேட்ட கிங்ஸ் ரோடு பெண்கள்தான் என்று அவரே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

அதே சாலையில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால், கடைகளின் பளபளப்பு குறைந்து குடியிருப்புகள் வரும் இடத்தில் 430ஆம் எண். வாசலுக்கு மேலே 13 மணி வரை எண்கள் கொண்ட பெரிய கடிகாரம். முள் பின்னோக்கி ஓடுகிறது. உள்ளே தரை சாய்வு, கப்பல் தளம் போல. ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்த வெஸ்ட்வுட், தன் துணைவர் மால்கம் மெக்லாரனோடு 1971இல் இங்கே ‘லெட் இட் ராக்’ என்று தொடங்கினார். ‘செக்ஸ்’, ‘செடிஷனரீஸ்’ என்று பெயர் மாறி மாறி, 1980இல் ‘வேர்ல்ட்ஸ் எண்ட்’ ஆனது. 70களின் கலக ராக் இசையான பங்க் இசைக்காரர்கள் போட்ட கிழிந்த டி-ஷர்ட்டும் வார் கட்டிய கால்சட்டையும் இந்தக் குறுகிய கடையிலிருந்து போனவை. வெஸ்ட்வுட் தையலைப் பெரும்பாலும் தானாகவே கற்றவர். பழைய உடைகளைப் பிரித்துப் பிரித்துத்தான் வெட்டைப் புரிந்துகொண்டார். பங்க் ஓய்ந்ததும் அவர் போய் நின்ற இடம் அருங்காட்சியகம். 1981இன் ‘பைரேட்’ (கடற்கொள்ளையர்) உடைத் தொகுப்பு, 18ஆம் நூற்றாண்டு ஆண்கள் சட்டையின் வெட்டிலிருந்து வந்தது.

மான்செஸ்டர் சதுக்கத்தில் இருக்கும் வாலஸ் கலெக்ஷன் என்ற கலை அருங்காட்சியகம் வெஸ்ட்வுட்டுக்கு மிகவும் பிடித்த இடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் பூஷே வரைந்த ஒரு படம்: உறங்கும் இடையர் பெண், அவளைப் பார்க்கும் இளைஞன். 1990இல் இந்தப் படத்தை, இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கார்செட் மேல் அச்சிட்டார் வெஸ்ட்வுட். பல நூறு முறை இணையத்தில் பார்த்த கார்செட்தான்; ஆனால் மூலப் படத்தின் முன் நின்றபோது, அந்தப் பெண்ணின் சருமத்தின் இளஞ்சிவப்பு எவ்வளவு மென்மை என்பது தெரிந்தது. அந்தக் கார்செட்டின் உண்மையான சாதனை அச்சில் இல்லை. பழைய கார்செட்டில் முதுகில் கயிறு, இறுக்கிக் கட்டப் பல நேரம் இன்னொருவர் வேண்டும். வெஸ்ட்வுட் முதுகில் ஜிப் வைத்தார், பக்கவாட்டில் இழுபடும் துணி வைத்தார். மூச்சு விடலாம், உட்காரலாம், தானே போட்டுக்கொள்ளலாம். உள்ளாடையாக ஒளிந்திருந்தது வெளியே போடும் மேலாடையாக ஆனதில் இந்த இரண்டு சின்ன மாற்றங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கடைசியாக ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம், ஒலிம்பிக் பூங்காவில் 2025இல் திறந்த வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ், அதாவது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேமிப்புக் கிடங்கு. மெக்வீன் வளர்ந்த பகுதியும் ஸ்ட்ராட்ஃபோர்ட்தான். இங்கே அருங்காட்சியகத்தின் சேமிப்பிலிருந்து நாம் கேட்கும் பொருளை எடுத்து வந்து காட்டுகிறார்கள். நான் கேட்டது 18ஆம் நூற்றாண்டு லினன் சட்டை ஒன்று. மேசையில் விரித்ததும் முதலில் கண்ணில் பட்டது அதில் வளைவே இல்லை என்பதுதான். உடல், கை, காலர் எல்லாம் சதுரமும் செவ்வகமும். துணி கொஞ்சமும் வீணாகாது. அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருந்தார்கள், நம் பழைய ஜிப்பாவில் வைப்பதுபோலவே. கையைத் தூக்கினால் சட்டை மேலே இழுக்காது. கழுத்தில் அத்தனை துணியையும் சுருக்கி ஒரு விரல் அகலப் பட்டிக்குள் அடக்கியிருந்தார்கள். தையல்கள் எறும்புக் கால் அளவு. தோளில் வடிவம் கொடுத்துத் தைக்காததால்தான் இந்தச் சட்டை உடம்பில் அலையலையாக விழுகிறது. ‘பைரேட்’ சட்டைகளின் அந்த அலட்சிய அழகு எங்கிருந்து வந்தது என்பது இந்த மேசையில் எனக்கு விளங்கிவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சாவில் ரோவுக்கு வார நாளில் போங்கள். அப்போதுதான் கீழ் அறைகளில் வேலை நடக்கும். ஸ்டோர்ஹவுஸில் பொருள் பார்க்கக் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வாரம் முன்னதாக இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து பொருள் வரை கேட்கலாம். வெஸ்ட்வுட், மெக்வீன் உடைகள் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால், உள்பக்கத் தையலைக் காட்ட முடியுமா என்று அங்கிருப்பவர்களைக் கேளுங்கள்.