லான் டிராக்டர் இழுக்கிற வண்டிக்கு புஷ்ஷா பேரிங்கா: கழட்டி மாத்திப் பார்த்தது

அமெரிக்காவுல நார்த் கரோலைனா செம்மண்ல ஒரு ஏக்கர் புல்லு வச்சிருந்தா, புல்லு வெட்டுற சின்ன டிராக்டர் பின்னாடி மாட்டுற சாமான் தானா சேர்ந்துடும். எங்கிட்ட சாமான் ஏத்திக் கவிழ்க்கிற டம்ப் கார்ட், உரம் போடுற ஸ்ப்ரெடர், செப்டம்பர்ல ஃபெஸ்க்யூ புல்லு விதைக்கிறதுக்கு முன்னாடி மண்ணைக் குத்துற ஏரேட்டர்னு மூணு இருக்கு. இதுல கார்ட்டோட வலது சக்கரம் பயங்கர ஆட்டம். ஈர மல்ச்சு (செடிக்கு அடியில பரப்புற மரச் சீவல்) ஏத்திட்டா சக்கரம் சாய்ஞ்சு டயர் பாடில உரசுது.

காட்டர் பின்னை உருவி வாஷரை எடுத்துட்டு சக்கரத்தை இழுத்தா உள்ள வெள்ளை நைலான் புஷ்ஷு, அதாவது சக்கரத்துக்கும் ஆக்ஸில் தண்டுக்கும் நடுவுல வர்ற குழாய் மாதிரி உறை, கருப்பா வந்துச்சு. எல்லாரும் புஷ்ஷு முட்டை மாதிரி ஆயிருக்கும்னு நினைப்போம், ஆனா அது வட்டமாத்தான் பெருசாயிருந்துச்சு. முட்டையானது ஆக்ஸில். 3/4 இன்ச் ஆக்ஸில், காலிப்பர் வச்சு அளந்தா பக்கவாட்டுல 0.748, மேல கீழ 0.71. யோசிச்சா சரிதான், புஷ்ஷு சக்கரத்தோட சுத்துது, அதனால எல்லாப் பக்கமும் சமமா தேயும். ஆக்ஸில் சுத்தாம நிக்குது, வெயிட்டு எப்பவும் அதோட அடிப்பக்கத்துலதான், அந்த ஒரே பக்கம் அரைபட்டுக்கிட்டே இருக்கும். நைலானுக்குள்ள போய் உட்கார்ந்த மணல் வேற உப்புத்தாள் வேலை பார்த்திருக்கு.

இந்த மாதிரி நேரத்துல யாரைக் கேட்டாலும் "பேரிங் போட்டுருப்பா, நைஸா ஓடும்"னுதான் வரும். நானும் அதுக்குத்தான் கை வச்சேன், அப்புறம் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயர் 16×6.50-8, டிராக்டர் ஃபுல்லா போனா மணிக்கு 5 மைல், அப்படின்னா சக்கரம் நிமிஷத்துக்கு 105 சுத்துதான். இந்த வேகத்துல உராய்வு ஒரு பிரச்சனையே இல்ல, இழுக்கிறது நானா, இன்ஜின்தானே. சக்கரத்துக்கு 500 பவுண்டு, ஒரு இன்ச் நீள புஷ்ஷு ரெண்டுன்னு வச்சா சதுர இன்ச்சுக்கு 333 பவுண்டு அழுத்தம், அதை நிமிஷத்துக்கு 20 அடி சொச்சம் உரசுற வேகத்தால பெருக்கினா 7,000 கிட்ட வருது. எண்ணெய் ஊறின எஸ்ஏஇ 841 வெண்கல புஷ்ஷுக்கு லிமிட் 50,000. மசகு போடாத நைலானுக்கு 3,000 பக்கம்தான். கம்பெனிக்காரன் போட்டது ஏன் போச்சுன்னு இதுலயே தெரியுது, நான் ஏத்துற லோடுக்கு அது பத்தாது.

பேரிங் வேண்டாம்னு முடிவு பண்ணதுக்குப் பெரிய காரணம் ஆக்ஸில்தான். இந்த வண்டிகள்ல வர்றது சாதா இரும்பு ராடு, பேரிங்கோட உள் வளையம் அதுல டைட்டா உட்காராது, சும்மா நுழைச்சு விடுறதுதான். மண்ணு புகுந்து குண்டு சிக்கிச்சுன்னா உள் வளையம் ஆக்ஸில் மேலயே சுத்தி அதைத் தின்னும், கடைசில அதுவே ஒரு மட்டமான புஷ்ஷு ஆயிடும். குளிர் காலம் பூரா ஷெட்ல சும்மா நிக்கிற வண்டி, நடுவுல ஹோஸ் வச்சு கழுவுறோம், விலை கம்மி பேரிங்ல சீலும் பேருக்குத்தான். ஊர்ல மாட்டு வண்டி மரச் சக்கரம் குண்டு பேரிங்கே இல்லாம வண்டி மையில எத்தனை டன்னு இழுத்துச்சு!

போட்டது 3/4 உள், 1 இன்ச் வெளி, காலர் வச்ச வெண்கல புஷ்ஷு, சக்கரத்தோட நடு ஓட்டையில (ஹப்) மரக்கட்டை வச்சுத் தட்டி இறக்கினேன். ஆக்ஸில் ரெண்டு போல்ட்டுல நிக்கிற நேர் ராடுதான், அதனால புதுசு வாங்காம 180 டிகிரி திருப்பிப் போட்டேன், தேய்ஞ்ச பக்கம் மேல போயிடுச்சு, தேயாத பக்கம் லோடு தாங்குது. வெளிப்பக்கம் ஒரு வாஷர் கூட. இப்ப கொஞ்சூண்டு ஆட்டம் இருக்கு, ஆனா டயர் உரசல. ஒண்ணு கவனிங்க, எண்ணெய் ஊறின 841க்கு கிரீஸ் அடிக்காதீங்க, நுண்துளை அடைச்சுக்கும், 30 நம்பர் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். கிரீஸ் நிப்பிள் வச்ச ஹப்பா இருந்தா எஸ்ஏஇ 660 வார்ப்பு வெண்கலம் வாங்குங்க, பழைய அழுக்கு கிரீஸ் வெளிய வர்ற வரை அடிக்கலாம்.

கையால தள்ளுற வண்டின்னா கதை வேற, அங்க பேரிங்தான், தோள்பட்டை நம்மளோடது. ஏடிவில (கரடுமுரடான இடத்துல ஓட்டுற நாலு சக்கர வண்டி) மாட்டி 15, 20 மைல்ல ஓட்டுறவங்களும் சீல் நல்லா இருக்கிற பேரிங் பார்க்கலாம். ஸ்ப்ரெடரை நான் தொடவே இல்ல, அதுல ஒரு சக்கரம் ஆக்ஸிலோட பின் போட்டு சேர்ந்து சுத்தி கியரைத் திருப்புது, ஆக்ஸில் ஃப்ரேம்ல இருக்கிற நைலான்லதான் ஓடுது, லோடும் கம்மி, உரத்தூளுக்கு இரும்பு பேரிங் ஒரு சீசன் தாங்கினாலே பெருசு.

அடுத்து ஏரேட்டர். மேல கான்கிரீட் பிளாக் அடுக்கி செம்மண்ணுக்குள்ளயே ஓடுறது, சக்கர புஷ்ஷை விட மண்ணைக் குத்துற டைன் (முள்ளு) சுத்துற ஆக்ஸில்தான் ஆடுது. ஆகஸ்ட்ல கழட்டி காலிப்பர் வச்சிட்டு எழுதுறேன்.